ஈர அலமாரியில் வைத்த மாவு

11 ஜனவரி, சனி

பனி நிற்கவில்லை. மாவு பொங்காமல் கல்லு மாதிரி கிடக்கிறது. ஓவன் அடுப்புக்குள் விளக்குப் போட்டு வைத்தும் பிரயோசனமில்லை. பேத்தி கயல் பேஸ்மென்டில் ஒரு மர அலமாரி வைத்திருக்கிறாள். ஜப்பான் அரக்கு பூசிய கிண்ணங்களை அதற்குள்தான் காயவைப்பாள். நனைந்த துணி, அடியில் சூடு. அந்த அரக்கு காய ஈரம் வேண்டுமாம்! ஈரத்தில் காய்கிற பொருளை இந்த வயதில் கேள்விப்படுகிறேன்.

அவள் பக்கத்து ஊர் பார்சிப்பனிக்குப் போயிருந்தாள். கிண்ணங்களைக் கையால் ஒதுக்கிவிட்டு மாவுப் போசியை உள்ளே வைத்தேன். என் படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான். மாவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

12 ஞாயிறு

பொங்கி மூடியையே தள்ளிவிட்டது! இட்லி பஞ்சு. மாப்பிள்ளை தீபக் கேட்டு வாங்கித் தின்றார். கொள்ளுப்பேரன் ரோஹனுக்கு நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினேன். வழிய வழிய முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டேன்.

"இந்தக் குளிர்ல எப்படி அம்மாயி?" என்றாள் கயல்.

"கைப்பக்குவம் கண்ணு."

ரகசியத்தைச் சொல்வேனா?

14 செவ்வாய், பொங்கல்

கை அரிக்கிறது. வறட்சியாக இருக்கும். தேங்காயெண்ணெய் தடவினேன்.

15 புதன்

முழங்கை வரை கோடு போட்ட மாதிரி கொப்புளம்.

கயல் கோபமாக மேலே வந்தாள். "யாரு என் கிண்ணத்தையெல்லாம் நகர்த்தினது? விரல் பதிஞ்சிருக்கு."

"நான் இல்லப்பா. எனக்கு அந்த ரூமே அலர்ஜி" என்றார் மாப்பிள்ளை.

"ஜோக் இல்ல தீபக். காயற வரைக்கும் அந்த அரக்கு பாய்சன்." என் பக்கம் திரும்பினாள். "ஒரு மரத்தோட பால் அம்மாயி. பட்டா தோலு பொங்கிடும்."

சேராங்கொட்டைப் பால் மாதிரிதானே? எங்கள் ஊரில் மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினவனுக்கே முகம் வீங்கும். அதற்குள்ளா மாவை வைத்தேன்? மூடி வேறு தள்ளியிருந்ததே. உள்ளே சொட்டியிருக்குமோ? பிள்ளை தின்றானே...

ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் இனிப் பிள்ளையை என்னிடம் விடுவார்களா?

17 வெள்ளி

ரோஹனுக்கு ஒன்றுமில்லை. சிரிக்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இடுப்புப் பிடிப்பு என்று சொல்லித் தூக்காமல் இருக்கிறேன்.

20 திங்கள்

பிள்ளைக்குக் கன்னத்தில் சிவப்பு. பனி பட்டது என்கிறாள் கயல். பனியா? பழனியப்பா, பனியாகவே இருக்கட்டும்.

சாயங்காலம் — வாயோரம் வீங்கிவிட்டது. கொப்புளம். இதற்குமேல் என்ன மானம்? சொல்லிவிட்டேன்.

"மாவை உன் அலமாரியில வெச்சேன் சாமி."

"எதுல?" என்றாள் கயல். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தோசை மாவையா? அந்தப் பொட்டியிலயா?" என்றார் மாப்பிள்ளை. சாவியை எடுத்துவிட்டார்.

காரில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோஹன் மூச்சு விடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். அது நின்றுவிடுமோ, அது நின்றுவிடுமோ என்று.

21 செவ்வாய்

டாக்டரம்மா பிள்ளையின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருக்கிறதாம். உயிர் வந்தது.

"நாம எல்லாரும்தான் தின்னோம். அப்ப இட்லியால இல்ல" என்றாள் கயல். வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கு அவன் வாயைத் துடைத்த புடவையைக் கேட்டாள். முந்தானையை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் கறுப்புத் திட்டு. நான் கரி என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டில் கரி ஏது? அந்த அரக்கு பூசும்போது பால் காப்பி நிறமாம், காய்ந்தால் கறுப்பாம். மறுநாள் போசியை எடுக்கும்போது கிண்ணத்தில் பட்டிருக்கிறது. முதல் தடவை பட்டால் வெளியே தெரிய ஒரு வாரத்துக்கு மேலே ஆகுமாம்.

இட்லி ஒரு பாவமும் செய்யவில்லை. துடைத்துத் துடைத்து விஷத்தைப் பூசியது நான்.

கயல் உறை மாட்டிக்கொண்டு புடவையைப் பையில் போட்டுக் கட்டினாள். என் கைக்கும் அவளே மருந்து போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் என்ன?

26 ஞாயிறு

பிள்ளைக்கு வீக்கம் வடிந்துவிட்டது. என் கொப்புளத்து நீர் பட்டால் ஒட்டாது, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் தவழ்ந்து வந்தால் சோபாமேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

"பாம்பா வருது அம்மாயி?" என்கிறார் மாப்பிள்ளை. சிரிப்பு வரவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

கயல் கீழே வேலையாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு ஏதோ மீட்டிங்.

"அம்மாயி, இவனைப் புடிங்க."

"வேண்டாங்க மாப்பிள்ளை. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"நீங்க வளத்த கயலு நல்லாத்தானே இருக்கா? வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி." மடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்வெட்டர் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். பிள்ளை அதைச் சட்டை செய்யவில்லை. கொஞ்ச நேரம் மூக்கைப் பிடித்து இழுத்தான். பிறகு தோளிலேயே தூங்கிவிட்டான். எழுத்து கோணலாகப் போகிறது. நோட்டைப் பிடிக்க இன்னொரு கை இல்லை.