உவமை சரி, உருவகம் பொய்

ஜூன் 3

தம்பி ஆங்கிலத்தில் மறுபடியும் கோட்டைவிட்டான். மற்ற பாடங்களை எப்போதோ முடித்தாகிவிட்டது. இந்த ஒன்றைத் தாண்டினால்தான் மாலை நேர மெக்கானிக் படிப்பில் சேர முடியும். அவன் வேலை செய்யும் சைக்கிள் கடைக்காரர்கூட, "இடம் கெடச்சா சொல்லு, சாயங்காலம் சீக்கிரமா விட்டுடறேன்" என்றிருக்கிறார்.

விடைத்தாளைப் பார்த்தேன். 'பழைய கதவு முனகியது. இதில் உள்ள அணி என்ன?' இவன் எழுதியிருப்பது: 'கீலில் எண்ணெய் இல்லை.'

சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை.

"தப்பா?"

"தப்பில்லடா. ஆனா மார்க் வராது."

ஜூன் 7

இன்றுமுதல் நானே வாத்தியார். கண் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பேசிப் பழகிய ஆங்கிலம் இதற்காவது உதவட்டும்.

சிமிலியை, அதாவது உவமையை, உடனே ஏற்றுக்கொண்டான். "'மாதிரி'ன்னு சொல்லிடறாங்களே. அது நியாயம்." மெட்டஃபர், உருவகம்தான் தகராறு. 'அவள் ஒரு விளக்கு' என்றால் சுத்தப் பொய்யாம். "மாதிரின்னு சேத்துக்க வேண்டியதுதானே? ஒரு வார்த்த எழுத என்ன சோம்பேறித்தனம்?"



ஜூன் 8

"கல்யாண விஷயத்த அவன்கிட்ட பக்குவமா சொல்லு" என்கிறாள் அம்மா. சரி, எப்படி?

ஜூன் 10

நான் கட்டிக்கொள்ளப்போகிறவருக்கு வெளியூரில் வேலை உறுதியாகிவிட்டது. இங்கே எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி தேய்த்துத் தருகிறவர், இனி அங்கே ஒரு பெரிய கடையில் தலைமை ஆள். செப்டம்பரில் கல்யாணம். உடனே நானும் கிளம்ப வேண்டும். ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் இறங்கலாம். அவ்வளவுதான் தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் வருவதும் போவதும் தம்பிக்குத் தெரியும். கல்யாணம், ஊர் மாற்றம் எதையும் யாரும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மற்றவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள். இவனுக்கு, சொன்னால்தான் உண்டு.

ஜூன் 15

வாக்கிய வகைகள். செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு. நான்கையும் மளமளவென்று பிரித்துவிட்டான். பதிலை எதிர்பார்க்காத கேள்வியும் உண்டு என்றேன். நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து, "ஈரத் துண்ட கட்டில்ல போடாதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினாள்.

"மூணு" என்றான் இவன், நிமிராமலே.

அம்மாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 21

ஜாடையாக ஆரம்பித்துப் பார்த்தேன். "நான் இல்லேன்னா யாருடா உனக்குச் சொல்லித் தருவா?"

"நீதான் இருக்கியே."

அதோடு சரி.

ஜூன் 29

எழுதிவிட்டால் தேவலை.

இன்று யூஃபெமிசம், தமிழில் மங்கல வழக்கு. 'He passed away' என்ற வாக்கியம். செத்துட்டார்னு சொல்ல மனசு வராம, போயிட்டார்னு சொல்றது என்று விளக்கினேன். பேனாவைக் கீழே வைத்தான்.

"அப்பாவையும் அப்படித்தான் சொன்னீங்க."

"ஆமாடா."

"நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்."

"எப்போ?"

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்த அன்னிக்கு. நீங்க எல்லாரும் அழுதுட்டு இருந்தீங்க. அப்பா எந்தப் பஸ்ல போனார்னு கேட்டேன். யாருக்கும் தெரியல."

எட்டு வயசு அவனுக்கு! தனியா, அவ்வளவு பெரிய ரோட்டத் தாண்டி — ஒருத்தராவது தேடினோமா? இத்தன வருஷம் இத ஏன்டா சொல்லல என்றால், "யாரும் கேக்கலியே" என்கிறான். புகார் இல்லை. கேட்டதற்குப் பதில். அதுதான் தாங்க முடியவில்லை.

இவனிடம் போய் ஜாடை பேசிக்கொண்டிருந்தேனே.

ஜூன் 30

சொல்லிவிட்டேன். பக்குவம் எதுவும் இல்லாமல், ஒவ்வொன்றாக.

"எனக்குக் கல்யாணம். கண்ணாடிக்காரரோட. செப்டம்பர்ல வேற ஊருக்குப் போறேன். அங்கதான் இருப்பேன். சாகல. ரயில் இருக்கு. லீவு கெடச்சா வருவேன். நீயும் வரலாம்."

"எந்த ரயில்?"

சொன்னேன். எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

ஜூலை 1

சாப்பிட்டான், கடைக்குப் போனான், வந்து தூங்கினான். புத்தகத்தை எடுக்கவில்லை.

ஜூலை 2

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, கூடத்தில் என் பழைய பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சக்கரங்களைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"பிளாட்பாரத்துல இழுக்கறப்ப கரகரன்னும். அதான்."

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு புத்தகத்தை எடுத்தோம்.

ஆகஸ்ட் 19

பரீட்சை முடிந்தது. "எப்படிடா?"

"உருவகம் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டேன். நம்பல. ஆனா கண்டுபிடிச்சிட்டேன்."

அக்டோபர் 12

புது வீட்டில் இன்னும் சாமான் எதுவும் இடம் பிடித்து உட்காரவில்லை. அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார். வாரம் ஒருமுறைதான் இது நடக்கிறது. அதனால் குறித்து வைக்கிறேன்.

தம்பி போன் செய்தான். பாஸ்! மாலைப் படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. நான் கத்திய கத்தலில் அவர் நுரைக் கையோடு ஓடி வந்தார். தம்பி அமைதியாக, கடையில் புதிதாக வந்த கியர் சைக்கிளைப் பற்றி விவரமாகச் சொன்னான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். பிறகு சொன்னான்:

"அக்கா, நீ போனதுக்கப்புறம் வீடு பெருசாயிடுச்சு."

"அப்படியாடா?" என்றேன்.

"ஆமா. டேப் வச்சு அளந்தும் பாத்துட்டேன். அதே அளவுதான். ஆனாலும் பெருசாத்தான் இருக்கு."