பபூனுக்குப் போட்ட இலை

செம்பரம்பாக்கம்
12-3-1941

அன்புள்ள அக்காவுக்குத் தாட்சாயிணி எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். மற்றதை அவளுக்குப் படித்துக்காட்டப் போவதில்லை.

பபூன் செங்கல்வராயன் இறந்துபோன சேதி அம்பத்தூருக்கும் வந்திருக்கும். பூந்தமல்லி நாடகத்தில் அவர் பேச்சைக் கேட்டு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையாம். அவர் மேலிருந்த ஆசையில் கங்காதரன் மாமா வீட்டில் நம் ஊர்க்காரர்களே காரியம் செய்தார்கள். படையலுக்கு இலை போட்ட பிறகுதான் படம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வேஷம் கலைத்த அவர் முகத்தை யாரும் பார்த்ததே இல்லை.

"நம்ம மணவாளன் அவரு மாதிரியே பேசுவானே, அவன குந்த வைங்கடா" என்றார் மாமா. மணவாளன் அண்ணனும் சிரித்துக்கொண்டே அரிதாரம் பூசி இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். போனவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். திறந்தபோது இலையில் ஒரு பருக்கை இல்லை.

"இன்னா நைனா, கொயம்புல உப்பு கம்மியா கீதே!"

பபூன் குரல். ஊரே கைதட்டியது.

அரிதாரத்தை அன்றைக்கே கழுவிவிட்டான். குரல் போகவில்லை. மாட்டை அதட்டுவதும் அந்தக் குரலில்தான், தூக்கத்தில் முனகுவதும் அதில்தான். சாயங்காலமானால் வாசலில் கூட்டம். செங்கல்வராயன் திரும்பிவிட்டார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நம் அண்ணன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை அக்கா. அவன் எனக்கு வேண்டும்.

உன் தங்கை
தாட்சாயிணி

அம்பத்தூர்
17-3-1941

என் கண்ணு தாட்சாயிணிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. படம் இல்லையென்றால் ஒரு செம்புத் தண்ணீரை வைப்பதுதானே? உயிரோடு இருப்பவனையா படையலுக்கு முன்னால் உட்கார வைப்பார்கள்? நிறைமாசமாக இருக்கிறேன், வண்டியேற விடமாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பபூனுக்குச் சிரிப்புதான் சோறு. நீயும் அம்மாவும் சிரிக்காதீர்கள். கூட்டத்தை விரட்டு. பட்டினி கிடந்தால் தானாகப் போய்விடுவார். வெளி மனுஷர்களிடம் உனக்குப் பேச்சு வராது என்று தெரியும். அண்ணனுக்காகப் பேசு.

உன் அக்கா
வரலட்சுமி

செம்பரம்பாக்கம்
2-4-1941

அன்புள்ள அக்காவுக்கு,

பேசிவிட்டேன். "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, எல்லாரும் போங்கோ" என்று வாசலில் நின்று கத்தினேன். "அட, ஊமைப் பொண்ணுக்கு வாயி வந்துட்ச்சு பாரு!" என்று கங்காதரன் மாமா கேலி செய்தார். ஆனாலும் போய்விட்டார்கள்.

அம்மாவும் நானும் உதட்டைக் கடித்துக்கொண்டே நடமாடுகிறோம். அந்தக் குரல் நாளுக்கு நாள் மெலிகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் நின்று, "ஒருத்தரு கூடவா இல்ல? ஒரே ஒருத்தரு?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்கிறது. கேட்கப் பாவமாக இருக்கிறது.

நேற்று அண்ணன் தன் சொந்தக் குரலில், "தாட்சா, தண்ணி குடு" என்றான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தாட்சாயிணி

செம்பரம்பாக்கம்
9-4-1941

அக்கா,

அண்ணனை அழைத்துப்போக வண்டி அனுப்புவதாகச் சொல்லியனுப்பினாயாம். வேண்டாம்.

நேற்று மத்தியானம் அம்மா ஏரிக்குத் துவைக்கப் போயிருந்தாள். அண்ணனுக்குச் சோறு போட்டேன். "வரலட்சுமிய போயி பாக்கணும்" என்றான், அவன் குரலிலேயே. பிறகு கை நின்றது. சோற்றுப்பானைப் பக்கம் திரும்பிக் குனிந்து கும்பிட்டான்.

"மகாராஜா! வாயி இத்துனூண்டு, வயிறு மட்டும் இம்மாம் பெருசா கீதே. எந்தப் பக்கமா துன்றீங்கோ?"

பானையில் காது வைத்துக் கேட்டான். முகம் கோணியது. பானையை மெதுவாகத் தூக்கி, அடியில் பார்த்தான்.

சிரித்துவிட்டேன் அக்கா. தரையில் விழுந்து, கண்ணில் நீர் வர, பிறந்ததிலிருந்து சிரிக்காததையெல்லாம் சேர்த்துச் சிரித்தேன். பசித்தவன் சோற்றைப் பார்ப்பது போல அந்த முகம் என்னையே பார்த்தது. அதன் உதடு அசைந்தது. கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல அண்ணன் குரல் வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துகினு இருக்கக் கூடாதா, தாட்சா?"

அதற்குப் பிறகு அண்ணன் குரல் வரவேயில்லை.

வாசலில் மறுபடியும் கூட்டம். நான்தான் உள்ளே வரச் சொன்னேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. நீயும் பேசமாட்டாய். அவர் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறார் என்று நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

தாட்சாயிணி