ஐந்துக்குப் பூச்சியம்

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்தே கச்சான் காற்று. மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு மதியத்துக்குள் பாதி பறந்துவிட்டது. மாலையில் மறுபடி போட்டோம். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீற்றர் இருத்தல் வேண்டும். தெற்குப் பக்கம் மூன்று சென்ரிமீற்றர் குறைவு. பிடுங்கி நட்டோம்.

"மூண்டு சென்ரிமீற்றரால பந்து போகாம நிக்கப் போகுதா, மச்சான்?" என்றான் யோகன். மனைவியின் தம்பி, கழகத் தலைவர். முணுமுணுத்தாலும் குழி தோண்டியவன் அவன்தான்.

ஞாயிறு இறுதிப் போட்டி. எதிரணி வழக்கம்போல அக்கரை. நான் செயலாளரான பின் வாவியின் அந்தப் பக்கத்தாரோடு நான்கு இறுதிப் போட்டிகள், நான்கிலும் தோல்வி. கடைசி மூன்றுக்கும் காரணம் ஒருவன்: அவர்களுடைய கோல் காப்பாளன் கஜன்.

அந்தக் கஜனே சைக்கிளில் மைதானத்தைக் கடந்து போனான். "மாமா, கம்பத்த இறுக்கி நடுங்க! நான் பிடிச்சுத் தொங்குவன்!" வைகாசியில் என் மனைவியின் அக்கா மகள் சுபாவை மணந்தான். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி. பயிற்சிக்கு மட்டும் தினமும் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து அக்கரைக்குப் போய், கடைசிப் பாதையில் திரும்புகிறான்.

விதிக் கோவையை எடுத்துப் பார்த்தேன். வி. 7: "வீரர் தமது கழகம் அமைந்த ஊரில் நிரந்தரமாக வசிப்பவராக இருத்தல் வேண்டும்." வாசகம் என்னுடையது. கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவதைத் தடுக்க எழுதியது. கலியாணத்தை அப்போது நினைக்கவில்லை.

கஜன் வசிப்பது இங்கே.

ஜூலை 12, சனி

ஆட்சேபக் கடிதம் மு.ப. 9.10க்கு ஏற்பாட்டுக் குழுவிடம். பிரதி கோவையில். இரண்டு மணி நேர விவாதம். ஏற்றுக்கொண்டார்கள்; வேறு வழியில்லை, வாசகம் தெளிவானது. கஜன் நாளை அக்கரைக்கு விளையாட முடியாது. பதிவு முடிந்தபடியால் நம் கழகத்துக்கும் விளையாட முடியாது.

மனைவி பவானியிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பொடியன் கலியாணம் கட்டின குத்தத்துக்கா?"

"குற்றம் என்று யார் சொன்னது? வசிப்பிடம்."

"அப்ப நீங்க? வாழைச்சேனையில இரிந்து வந்து இருபத்திநாலு வரிசமா இஞ்ச சாப்பிடுறீங்க. ஆரும் கடிதம் குடுத்து உங்கள எழுப்பல்லையே."

அது வேறு, இது வேறு. என்ன வேறு என்று விளக்க முற்பட்டபோது துருவலை மீண்டும் தொடங்கிவிட்டாள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

யோகன் தொலைபேசியில்: "மச்சான், நீங்க மனிசனே இல்ல! வெடிக்குச் சொல்லிட்டன். புக்கை பொங்கவும் சொல்லிட்டன்."

நாளைக்கு: விசில் 2. எலுமிச்சை. முதலுதவிப் பெட்டி (கட்டுத்துணி தீர்ந்துவிட்டது). வலை கட்டும் நூல். வெள்ளைச் சட்டை.

ஜூலை 13, ஞாயிறு

5–0. வென்றோம். கோப்பை நம்முடையது.

அக்கரைக்கு வேறு காப்பாளன் இல்லை. நண்டு வியாபாரி மேகராசாவை நிறுத்தினார்கள். நாற்பது வயது, நல்ல வயிறு, கஜனின் கையுறைக்குள் விரல் பாதிதான் போயிற்று. முதலாவது கோலுக்கு நம் பக்கம் ஆரவாரம். இரண்டாவதுக்குக் கைதட்டல். மூன்றாவதுக்கு யாரோ சிரித்தார்கள். நான்காவது விழும்போது பாதிப் பேர் கச்சான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பந்து மேகராசாவின் வயிற்றில் பட்டு வெளியே போயிற்று. அன்றைய பெரிய கைதட்டல் அதற்கே. தட்டியவர்கள் நம் ஆட்கள்.

கஜன் மாமனாருக்குப் பக்கத்தில், நம் பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை. "அண்ணே, கைய விரிங்க! முன்னுக்கு வாங்க அண்ணே!" என்று மேகராசாவுக்குத் தொண்டை கிழியக் கத்தினான். நம் ஆட்கள் ஒருவரும் அவனை அடக்கவில்லை.

நம் அணித் தலைவன் கோப்பையை வாங்கிய விதம்: யாரோ ஒருத்தி கடைக்குப் போய்வரும்வரை அவள் குழந்தையை வைத்திருப்பவன் போல. வெடிக்கட்டு நடுவில் அணைந்தது. மறுபடி கொளுத்த எவரும் குனியவில்லை.

எல்லாம் விதிப்படி நடந்தது. இதற்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்து, நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தது. அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

வாசிகசாலையில் இரண்டு பானைப் புக்கை. ஒரு பானை அப்படியே மீதம். கோப்பை அலுமாரிக்கு மேலே, அலுமாரிக்குள் அடங்கவில்லை.

கடையில் பாண் வாங்க நின்றபோது உள்ளே இருவர். என்னைக் காணவில்லை.

"அஞ்சு கோலும் ஆரு அடிச்ச?"

"ஆரும் அடிக்கல்ல. செக்கட்டரிர கடிதம் அடிச்ச."

நல்ல பகிடி. எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டு வாசலுக்கு வரும்போது அது போய்விட்டது.

பவானி பேசுகிறாள், ஆனால் அளந்து.

ஜூலை 16, புதன்

காற்று தணிந்திருக்கிறது. பி.ப. 5க்குக் கஜன் வந்தான். கையில் நம் கழகத்தின் அங்கத்துவப் படிவம், நிரப்பியபடி. எழுத்து அழகு. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

"கையெழுத்துப் போடுங்க மாமா."

"நம் கழகத்துக்கு விளையாட விருப்பமா?"

"விருப்பமெண்டு இல்ல." நிலத்தைப் பார்த்தான். "மறுகா எங்க விளையாடுற?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தேத்தண்ணி குடித்தான், பவானியோடு பகிடி பேசினான், போனான். இருபத்தைந்து வயது. பந்து பிடிப்பதைத் தவிர வேறெதிலும் அவனை அக்கரை வயல் எல்லையைத் தாண்டி எவரும் அறியார். அதை ஒரு பக்கக் கடிதத்தில் நிறுத்திவிட்டேன்.

படிவத்தில் நான் கையெழுத்து இடவில்லை. பதிலாக இரண்டு கடிதம் எழுதினேன்.

ஒன்று: பொதுக்கூட்டத்துக்கு வி. 7 திருத்தம். "திருமணத்தால் ஊர் மாறியவர், விரும்பின், பிறந்த ஊர்க் கழகத்துக்கே விளையாடலாம்."

மற்றது அக்கரைக் கழகத்துக்கு. வரும் ஞாயிறு அவர்கள் மைதானத்தில் சிநேகபூர்வப் போட்டி. கோப்பை இல்லை. சுற்றுப்போட்டி அல்லாதபடியால் வி. 7 பொருந்தாது. ஆகவே அவர்கள் தாம் விரும்பியவரைக் கோலில் நிறுத்தலாம்.

யோகன் வாசித்துவிட்டு: "எடுத்த கோப்பையத் திருப்பிக் குடுக்கப் போறீங்களா?"

"இல்லை. கோப்பை விதிப்படி நம்முடையது."

"அப்ப என்னத்துக்கு இந்த விளையாட்டு?"

பேனாவை நீட்டினேன். அவன் வாங்கி, தலைவர் இடத்தில் கையெழுத்துப் போட்டான். இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு பொரித்த மீன் கூடுதலாக.

ஜூலை 20, ஞாயிறு

பாதை மூன்று முறை ஓடியது, நம் சனத்தை ஏற்ற. இறுதிப் போட்டிக்குக்கூட இவ்வளவு பேர் இல்லை. பவானியும் சுபாவும் குடையோடு. சுபா எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுக்கோட்டுக்கு நேராக நின்றாள்.

தோற்றோம். 1–2. எண்பத்தேழாவது நிமிடம் வரை 1–1. அப்போது நமக்குத் தண்ட உதை. நம் அணித் தலைவன் அடித்தான்; நல்ல அடி, இடது மூலை. கஜன் பாய்ந்து தட்டினான். எழுந்து பந்தை எடுத்து எறிந்தான், அது அவர்களுடைய முன்வரிசைக்குப் போயிற்று, நம் வலைக்குள் முடிந்தது. யோகன் செருப்பைக் கழற்றி நிலத்தில் அடித்தான். ஒரு செருப்போடுதான் திரும்பினான்.

திரும்பும் பாதையில் கஜனும் எங்களோடு. வேறு எதில் வருவது, வீடு இங்கேதானே. கையுறைகள் சைக்கிள் கைபிடியில் தொங்கின. நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"டேய் மருமகனே, இண்டைக்கு உனக்குச் சோறு இல்லடா!"

"சுபா கதவு தொறக்கமாட்டாள் பாரு!"

"மாமி தொறப்பா," என்றான். சிரிப்பில் பாதை சாய்ந்தது. ஓட்டி அதட்டினான்.

அப்போது யோகன் எழுந்தான். "இல்ல, அது பிழை! இவன் அடிக்கிறதுக்கு முன்னமே கோட்ட விட்டு வந்தவன். மறுபடி அடிக்கக் குடுத்திருக்கணும். மச்சானக் கேளுங்க, அவர் கம்பத்துக்குப் பக்கத்திலதான் நிண்டவர். மச்சான், வந்தவனா இல்லையா?"

சத்தம் அடங்கியது. நாற்பது முகம். கஜன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான், காது சிவந்திருந்தது.

"வெயில் கண்ணுக்குள் அடித்தது," என்றேன். "வடிவாகத் தெரியவில்லை."

மீண்டும் நாற்பது பேரும் கத்தத் தொடங்கினார்கள். கரை சேர்ந்து, சந்தியில் நின்று, இந்நேரமும் கத்துகிறார்கள். இங்கே கேட்கிறது.

மாலை முழுவதும் முகில். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்தான்.