கருப்பி தின்ற பச்சை இலை

என் பிரியமுள்ள மாப்பிள்ளை சேசையா,

நிம்மதியாகப் படுத்திருக்கும் உன்னைத் தொந்தரவு செய்கிறேன், கோபப்படாதே. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் செல்ல ஆடு கருப்பி முந்தாநாள் அசை போடுவதை நிறுத்திவிட்டாள். வயிறு கல்லாக உப்பிவிட்டது.

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் வயிற்றைக் கீறி, பந்தாகச் சுருண்ட பிளாஸ்டிக் இலைகளை எடுத்தார். வாழையிலை மாதிரியே பச்சை, நடு நரம்புகூட அச்சடித்தது. “அசை போட்டா பிழைச்சுக்கிடும், பாருங்க” என்றார்.

எந்தப் பந்தியில் போட்ட இலை என்கிறாயா? நீ கண்ணை மூடிய முப்பதாம் நாள் ஜெபத்துச் சாப்பாட்டுக்கு நான் வாங்கியதுதான். “சுருட்டி எறிஞ்சா வேலை முடிஞ்சுது” என்று பெருமை அடித்து, உன் புஞ்சை ஓரத்திலேயே கொட்டினேன். கோடையில் கரிசல் வெடித்தது; இலையெல்லாம் வெடிப்புக்குள் போனது. ஒழிந்தது என்றிருந்தேன். விதைப்புக்கு டிராக்டர் ஓட்டினோமா, அத்தனையும் மேலே வந்துவிட்டது! எட்டாவது படித்த நானே அதை இலை என்று நம்பினேன், ஆடு நம்பாதா?

என் தங்கச்சி, அதுதான் உன் மேரி, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “அவிய போனதுக்கப்புறம் எனக்குப் பேச்சுத்துணை இவதானண்ணே” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை உன் வருஷ ஜெபம். என் மகள் கேட்கிறாள்: “யப்பா, இந்தத் தடவையும் அதே இலையா? ஆட்டுக்குத் தனிப்பந்தி போட்ருவமா?”

வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு தட்டும் டம்ளரும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். “என்ன அண்ணாச்சி, எங்களத் தட்டேந்த விடுதீங்களே?” என்று சிரிக்கிறார்கள். “ஆமாய்யா, மொதத் தட்டு என்னதுதான்” என்றேன். கறி கிடையாது, சாம்பார்தான். கருப்பியை மடியில் போட்டுக்கொண்டு எப்படியப்பா கறிக்குச் சொல்லிவிடுவேன்? எத்தனை பேர் வருவார்களோ, எத்தனை பேர் வெறுங்கையோடு வருவார்களோ!

காலையிலிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. சற்றுமுன் தாடை லேசாக அசைந்தது. அசைதானா? ஈயை விரட்டினாளா? மேரியிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் புஞ்சையில் கிடக்கும் ஒவ்வொரு இலையையும் சனிக்கிழமைக்குள் என் கையாலேயே பொறுக்கிவிடுவேன். இடுப்பு ஒத்துழைக்காது, ஒத்துழைக்காவிட்டால் தவழ்ந்தாவது பொறுக்குவேன். மழை விழும்போது உன் மண்ணில் விதை மட்டும்தான் கிடக்கும்.

குனிந்தபடியே,
உன் மச்சான்