பேரிங் மூடியில் ஒரு சிவப்புப் புள்ளி

பேரன் விளையாட்டு லேசரைச் சுவரில் அடித்துப் பூனையை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்டதும் சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளில், மலேசியாவின் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில், செம்பனை எண்ணெய் மில்லின் பாய்லருக்குக் காற்று இழுக்கும் பெரிய விசிறி உங்கள் பொறுப்பு. அது ஓடும்போதே, அதன் அச்சைத் தாங்கும் பேரிங்கின் மூடியில் உள்ளங்கையை வைத்து நடுக்கம் பார்ப்பீர்கள். பக்கத்திலேயே பெல்ட் பறக்கும். உங்கள் கூட்டாளியின் இரண்டு விரலைத் தின்ற பெல்ட். நீங்கள் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பல்கலைக்கழகத்தில் தானே செய்த லேசர்ப் பெட்டியோடு நம் மகள் மில்லுக்கு வந்தாள், ஆயுத பூசை முடிந்த கையோடு. நான் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கும் விளங்கும்படி சொன்னாள்.

"போற வெளிச்சம் மூடியில பட்டுத் திரும்பி, லேசருக்குள்ளயே கலக்கும்மா. மூடி ஆடுனா அந்த வெளிச்சமும் ஏறி எறங்கும். தொடாமலே அளந்துறலாம்."

"உன் மக இஞ்சினுக்கு நாடி பாக்க வந்துட்டா லா!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விசிறி ஓடியது. பெட்டியின் திரையில் கோடு வெறி பிடித்ததுபோல் குதித்தது. மூடி இவ்வளவு ஆடுகிறதா என்று மகள் முகம் வெளுத்தது.

"அட, பூசைக்கு மூடியில நான் ஒட்டுன வெள்ளித் தாளு ஆடுது லா," என்று அதைக் கிழிக்கக் கை நீட்டினீர்கள். சட்டைக் கை பெல்ட்டை உரசும் தூரம். என் கையிலிருந்த தூக்கு கீழே விழுந்தது.

"அப்பா! கைய எடுங்க!"

"என் கைக்குத் தெரியாததா?"

"தெரியும்பா. அந்தக் கை வேணும்னுதானே இத செஞ்சேன்!" அழுதுவிட்டாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். பிறகு விசிறியை நிறுத்தி, தாளை உரித்து, மறுபடி ஓட்டினீர்கள். கோடு தணிந்தது, ஆனால் முழுதாக அடங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் விரிசல். அன்றிலிருந்து ஓடுகிற விசிறியில் நீங்கள் கை வைக்கவில்லை.

பல வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு அடங்கும்போதும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். இப்போதும், வீட்டில் துணி துவைக்கும் மெஷின் அதிர்ந்தால்கூடப் பயம்தான். ஆனால் அந்தக் கடைசி நாளில் நான் பிடித்திருந்த உங்கள் கையில் ஐந்து விரலும் இருந்தன. அந்தப் பிடியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.