அத்தையோடு மேடேறிய வீடு

என் அன்பானவருக்கு,

"அம்மாவைத் தனியே விட்டுவிட்டுச் சபை வேலைக்குப் போகாதே" என்று எழுதியிருந்தீர்கள். விடவில்லை. கூடவே கொண்டுபோனேன்.

நம் சபை ஒட்டிலியா அக்காவின் வாசற்படிவரை கடல் கரையை அரித்துவிட்டது. அந்த மரவீட்டை உருட்டுக்கட்டைமேல் ஏற்றி அப்படியே மேட்டுக்கு இழுத்துவிட, ஊரே கூலியில்லாமல் கைகொடுக்கும் மிங்காவுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் மாடுகளோடு வந்தார்கள். உங்களையும் அத்தையையும் விட்டால் நம் எருது லுசெரோ என் குரலுக்குத்தான் நகரும். நான் எப்படிப் போகாமலிருப்பது? படுக்கையில் கிடந்த அத்தையைத் தூக்கிப்போய், அந்த வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் நாற்காலியில் கட்டி உட்காரவைத்தேன்.

"பைத்தியமாடி உனக்கு? வீடு கவுந்துச்சுன்னா?" என்றார் அக்கா.

"உள்ள என் மாமியார் இருக்காங்கல்ல, கவுக்காம இழுப்பாங்க!" என்றேன்.

பாதி மேட்டில், சேற்றில் வீடு நின்றுவிட்டது. ஒரு மாடும் அசையவில்லை. போதகர் ஜெபிக்கக் கண்ணை மூடினார். நோயில் விழுந்த நாள்முதல் ஒரு வார்த்தை பேசாத அத்தை, ஜன்னலிலிருந்து கத்தினார்: "லுசெரோ! சோம்பேறிக் கழுத, இழுடா!"

லுசெரோ இழுத்தது. பின்னாலேயே எல்லா மாடுகளும் இழுத்தன. வீடு மேடேறி நின்றபோது போட்ட அல்லேலூயா உங்களுக்கே கேட்டிருக்கும்.

நம் உருளைக்கிழங்கைத் தோண்ட நாளை சபையே வருகிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அத்தையின் பேச்சுத்தான் நிற்கவில்லை. "பொண்டாட்டி வீட்டையே இழுக்கிறா, இவன் தெற்க போயி எவன் பண்ணை ஆட்டுக்கோ கம்பளி வெட்டி மொட்டையடிச்சிட்டிருக்கான்" என்கிறார். இதற்குப் பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீடு இழுத்தவள்