பன்னிரண்டு மணிக்குச் சாத்திய கவுன்ட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இங்கே சுகம், நீங்கள் மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. அப்பா வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார், கேட்டைவிட அவர் சட்டையில்தான் அதிகம். நேற்றுப் போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. மருமகளுக்கு மார்பில் ஏதோ கட்டி தட்டுப்படுகிறது, குழந்தைக்கு இனிப் புட்டிப்பால்தான், நெட்டில் எல்லாம் படித்துவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உனக்கு ஐந்து மாதம் ஆனபோது எனக்கும் இப்படி வந்தது. அப்போதுதான் மறுபடி ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை எழுந்திருக்க முடியாது, கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசை குறையவே குறையாது. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனக்கும், உடுப்பு நனைந்துவிடக் கூடாதே என்று இறுக்கமான உள்ளாடை வேறு. ஒருநாள் குளிக்கும்போது இடது பக்கம் நெல்லிக்காய் அளவில் உருண்டையாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இருபது நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டி, உன்னை வளர்த்து ஆளாக்கச் சொல்லி என் அக்காவுக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் உனக்குக் கொடுப்பதையும் நிறுத்தினேன். கட்டி எலுமிச்சை அளவுக்குப் பெருத்தது.

பக்கத்துக் கவுன்ட்டர்க்காரிதான் கண்டுபிடித்தாள். ஒரே ஆளுக்கு நான் மூன்று முறை ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உடம்பு இங்க இருக்கு, ஆள் எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அன்று மாலையே அப்பாவை வரவழைத்து எங்களை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அந்த அம்மா தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், பிறகு ஊசியைச் செலுத்தி இழுத்தார். ஊசிக்குழாயில் ஏறியது கெட்டியான பால், தம்பி. வெறும் பால். "பால் வர்ற குழாய் அடைச்சு, உள்ளயே தேங்கிப் பை மாதிரி ஆயிடுச்சும்மா. குடுக்காம நிறுத்தினா இன்னும்தான் தேங்கும், தாராளமாக் குடு" என்றார். அழுத்திப் பிசையக் கூடாது, வீங்கினால் குளிர்ந்த துணி வைக்கலாம், இறுக்கமாக எதுவும் போடக் கூடாது, காய்ச்சலோ சிவப்போ வந்தால் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே வந்துவிடு என்றும் சொன்னார். மூன்று வாரத்தில் சின்னதாகத் திரும்ப வந்தது, மறுபடி ஒரு தடவை எடுத்தார்கள், அதோடு சரி.

 மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அப்பா உன்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு கவுன்ட்டரின் பின்கதவில் வந்து நின்றார். தான் வேலை பார்த்த பட்டறையில் கேட்டுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றி வாங்கியிருந்தார். நான் பலகையைச் சாத்திவிட்டு, டிக்கெட் கட்டுகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து உனக்குக் கொடுத்தேன். மேலாளர் முணுமுணுத்தார். பக்கத்துக்காரி, "கால் மணி நேரம் என் வரிசையில நிக்கட்டும் சார், ரயில் என்ன கோவிச்சுக்கிட்டா போயிடும்?" என்றாள். எட்டு மாதம் இப்படியே நடந்தது, தினம் வருகிற பயணிகளுக்கு உன் சாப்பாட்டு நேரம் மனப்பாடம்.

எனக்குப் பால் என்பதால் அவளுக்கும் அதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பால் கொடுக்கிற சமயத்தில் வருகிற கட்டி பெரும்பாலும் இப்படித்தான், ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நீயும் நானும் நெட்டும் இல்லை. பால் கொடுக்கிறவள் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை. இந்த வாரமே கூட்டிப் போ. வேறு எதுவாக இருந்தாலும் சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் சரி செய்யலாம், நான் அடுத்த வண்டியில் வந்து நிற்பேன். அவளும் இப்போது வேலைக்குப் போகிறாள், நடுவில் பால் எடுக்க நேரம் கேட்டு வாங்கச் சொல். பால்பவுடர் டப்பாவைத் தூக்கிப் பரணில் போடு. அவள் தைரியமான பெண், உன்னைத்தான் முதலில் தேற்ற வேண்டியிருக்கிறது.

பேத்தியும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசி. மறக்காமல் ஒன்று செய். அன்று எனக்கு ஊசி போட்ட அறைக்குள் அப்பா வரவில்லை, பயந்துபோய் வெளியே செருப்பு விட்ட இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு எட்டு மாதம் அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது அதற்காகத்தான். நீ உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா